சந்தை மூடினால் சரக்கை என்ன செய்வது?

ஊரடங்குக் காலத்தில் சிறு வணிகர்கள் கையாண்ட முறைகளும் சிறு விவசாயிகளுக்கு அவற்றால் கிடைக்கும் பயனும்

விளைச்சல் குறைந்தால் விவசாயிக்கு நட்டம் ஏற்படுவது இயல்பு. ஆனால் விளைச்சல் நன்றாக இருந்தும், அதை உண்ண மக்கள் இருந்தும், விற்க வழியில்லாமல் நட்டம் ஏற்பட்ட காலம் ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி கொரோனா நோய் பரவாமல் தடுக்க நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய நாள் மாலையே தடை உத்தரவு நடைமுறைக்கு வந்துவிட்டது. வேளாண் பணிகளுக்கு மார்ச் மாத இறுதிக்குள் விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் அறுவடை செய்த பொருளை எடுத்துச் செல்ல வண்டியும், வாங்க ஆளும் இல்லாமல் பல ஊர்களில் தக்காளியும் தர்ப்பூசணியும் பூவும் வயலிலேயே வீணாயின.

அதே காலத்தில், அதே ஊர்களில், சில சிறு கடைக்காரர்களும் விவசாயிகளும் மகளிர் குழுக்களும் தங்கள் தொழிலைச் சற்று மாற்றி அமைத்துக்கொண்டு நிலைமையைச் சமாளித்தனர். அவர்கள் செய்தது என்ன, எந்த முறை பலன் தந்தது, எது தரவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும். கொள்ளைநோய் அடிக்கடி வருவதில்லை. ஆனால் வெள்ளம், சாலை மறிப்பு, லாரி வேலைநிறுத்தம், திடீர் விலைச் சரிவு ஆகியவை அடிக்கடி வருகின்றன. அவற்றிற்கும் இதே ஆயத்தம்தான் தேவை.

விற்பனை ஏன் நின்றது?

நாம் விளைவிக்கும் பொருள் வீடுகளுக்கு மட்டும் செல்வதில்லை. உணவகம், தேநீர்க் கடை, கல்யாண மண்டபம், கோயில், கல்லூரி விடுதி ஆகியவை பெரிய அளவில் வாங்குபவை. இவை ஒரே நாளில் மூடப்பட்டன. திருமணங்களுக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. எனவே வாழை இலை, வாழைத்தார், பூ, வெள்ளைப் பூசணி போன்றவற்றிற்குத் தேவை விழுந்துவிட்டது. தேநீர்க் கடைகள் மூடியதால் பாலின் தேவையும் குறைந்தது. தமிழ்நாட்டில் பெரிய கோயில்கள் 2020 செப்டம்பர் முதல் தேதியில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அதுவரை மல்லிகை பயிரிட்டவர்கள் பட்ட துன்பம் யாவரும் அறிந்ததே.

அடுத்தது மொத்தச் சந்தை. சென்னை கோயம்பேடு சந்தையில் நெரிசல் காரணமாக நோய் பரவியது. 2020 மே 5-ஆம் தேதி அது மூடப்பட்டது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்கப்பட்டது. கோயம்பேட்டில் காய்கறி மொத்த விற்பனை மீண்டும் தொடங்கியது செப்டம்பர் 28-ஆம் தேதி. திருச்சி காந்தி சந்தையின் வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்திற்கு மாற்றப்பட்டது. பல ஊர்களில் உழவர் சந்தைகள் பேருந்து நிலையங்களிலும் பள்ளி மைதானங்களிலும் நடந்தன. வாரச் சந்தைகள் கூடவில்லை.

இதிலிருந்து ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். மக்கள் உண்பதை நிறுத்தவில்லை. மண்டபத்திலும் விடுதியிலும் உண்டவர்கள் வீட்டில் உண்டார்கள். தேவை இடம் மாறியது. அளவு சிறியதாயிற்று. ஒரே இடத்தில் நூறு கிலோ வாங்கிய ஒருவருக்குப் பதிலாக, நூறு வீடுகளில் ஒவ்வொரு கிலோ வாங்குவோர் இருந்தனர். அந்த நூறு வீடுகளை அடைய வழி தெரிந்தவர் பிழைத்தார்.

சிறு வணிகர்கள் செய்த மாற்றங்கள்

சிறு வணிகர்கள் கையாண்ட முறைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. விற்கும் வழியை மாற்றுதல்: பொருள் அதேதான். கொடுக்கும் முறை வேறு. உணவகங்கள் பொட்டலமாக மட்டும் கொடுத்தன. மளிகைக் கடைக்காரர்கள் அலைபேசியில் வாட்ஸ்அப் மூலம் சாமான் பட்டியலைப் பெற்று, மூட்டை கட்டி வைத்து, வந்தவரை நிற்க விடாமல் அனுப்பினர். சவாரி இல்லாத சுமை ஆட்டோக்கள் காய்கறி வண்டிகளாயின.

2. பொருளின் வடிவை மாற்றுதல்: அன்றே அழுகும் பொருளை ஒரு மாதம் நிற்கும் பொருளாக மாற்றுவது. பாலை நெய்யாகவும், வாழைப்பழத்தை உலர் பழமாகவும், மாங்காயை வற்றலாகவும் ஊறுகாயாகவும் ஆக்குவது இவ்வகை.

3. பொருளையே மாற்றுதல்: கருவியும் கைத்திறனும் அதேதான். செய்யும் பொருள் வேறு. திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்கூடங்கள் பல முகக்கவசமும் மருத்துவப் பணியாளர்களுக்கான முழுக் கவச உடையும் தைத்தன. கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தையல் இயந்திரத்தைக் கொண்டு துணி முகக்கவசம் தைத்தன. கேரளத்தில் குடும்பஸ்ரீ குழுக்கள் முகக்கவசமும் கைச்சுத்தித் திரவமும் செய்ததோடு சமுதாயச் சமையற்கூடங்களையும் நடத்தின.

இம்மூன்றில் முதல் முறைக்கு முதலீடு மிகக் குறைவு. இரண்டாவதற்கு உழைப்பும் சுத்தமும் தேவை. மூன்றாவதற்குக் கைத்திறனும் வேகமும் தேவை. சிறு விவசாயி முதல் முறையில் தொடங்கி, தேவைப்பட்டால் இரண்டாவதற்குச் செல்வது நல்லது.

காய்கறிப் பை விற்பனை

ஊரடங்கின்போது தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் பல மாவட்டங்களில் பல காய்கறிகள் கலந்த பைகளை 100 ரூபாய், 150 ரூபாய் என்ற ஒரே விலையில் வீதி வீதியாக விற்க ஏற்பாடு செய்தன. 2021 மே 24-ஆம் தேதி தமிழ்நாட்டில் தளர்வில்லாத முழு ஊரடங்கு தொடங்கியபோது மளிகை, காய்கறிக் கடைகள்கூட மூடப்பட்டன. அப்போது வாகனங்கள் மூலமாகவே காய்கறியும் பழமும் மக்களுக்குச் சேர்க்கப்பட்டன.

ஒரே விலைப் பையில் பல நன்மைகள் உள்ளன. எடைபோட்டு, பேரம் பேசி, சில்லறை கொடுக்கும் நேரம் மிச்சமாகிறது. கூட்டம் சேருவதில்லை. காய்களை ஒவ்வொருவரும் தொட்டுப் பொறுக்கும் வழக்கம் நிற்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தக் காய் மிகுதியாக விளைந்திருக்கிறதோ அதைப் பையில் சற்றுக் கூடுதலாக வைத்து விற்றுவிடலாம்.

ஒரு விவசாயியிடம் எல்லாக் காயும் இருக்காது. ஆகவே நான்கு அல்லது ஐந்து பேர் சேரவேண்டும். ஒருவரிடம் தக்காளி, ஒருவரிடம் கத்தரி, வெண்டை, மற்றொருவரிடம் கீரை, கொத்தமல்லி, இன்னொருவரிடம் முருங்கை என்று அமைத்துக்கொள்ளலாம். செய்முறை பின்வருமாறு:

1. முதல் நாள் மாலை 6 மணிக்குள் அலைபேசியில் தேவையைக் கேட்டு எழுதிக்கொள்ளவும். எத்தனை பை என்று தெரிந்த பிறகே அறுவடை செய்யவும். இதனால் மீதம் தங்காது.

2. விடியற்காலையில் அறுவடை செய்து, நிழலில் பரப்பி, சொத்தை, வெடிப்பு உள்ளவற்றை நீக்கித் தரம் பிரிக்கவும்.

3. பையின் அடியில் கனமான காய்களையும், நடுவில் வெண்டை, கத்தரியையும், மேலே தக்காளியையும் கீரையையும் வைக்கவும். கீரையை ஈரம் சொட்டச் சொட்ட வைக்கக்கூடாது.

4. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் என்று நிர்ணயித்து, அதே நாளில் அதே நேரத்தில் செல்லவும். வாங்குபவர் உங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தால் பாதி விற்பனை முடிந்ததுபோல.

5. ஒவ்வொரு விவசாயியிடமும் வாங்கிய காயின் எடையையும் விலையையும் அன்றே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் பெறவும். கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் கணக்கில்தான் முறிகின்றன.

கணக்குப் பார்த்தே இறங்கவும்

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். உழவுக்கு எப்படியோ, விற்பனையில் இறங்குகிறவன் கணக்குப் பார்க்காவிட்டால் உழக்கும் மிஞ்சாது. கீழே தரப்படுவது கணக்கு முறையை விளக்குவதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே போட்டுப் பார்க்கவேண்டும்.

ஒரு பையின் விலை 150 ரூபாய் என்றும், அதிலுள்ள காய்க்கு விவசாயிகளுக்குக் கொடுப்பது 90 ரூபாய் என்றும் கொள்வோம். ஒரு நாளைக்கு 40 பை விற்றால் வரவு 6,000 ரூபாய். செலவில் காய்க்கு 3,600, வண்டி வாடகையும் எரிபொருளும் 700, தரம் பிரித்துப் பை கட்டும் இருவருக்கு 600, பைகளுக்கு 200, கழிவுக்காக 180 ஆக மொத்தம் 5,280 ரூபாய். மீதி 720 ரூபாய்.

அதே வண்டியில் 20 பை மட்டும் சென்றால் வரவு 3,000 ரூபாய். காய்க்கு 1,800, வண்டிக்கு அதே 700, ஒருவர் கூலி 300, பைகளுக்கு 100, கழிவுக்கு 90 ஆக மொத்தம் 2,990 ரூபாய். மீதி 10 ரூபாய்தான்.

பை பாதியாகக் குறைந்தபோது இலாபம் ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். காரணம், வண்டிச் செலவு குறையவில்லை. எனவே ஒரே தெருவில், ஒரே குடியிருப்பில் நெருக்கமாக வாங்குபவர்களைச் சேர்ப்பதே இத்தொழிலின் உயிர்நாடி. பத்து ஊர்களில் நான்கு நான்கு வீடுகள் கிடைப்பதைவிட, ஒரே ஊரில் நாற்பது வீடுகள் கிடைப்பது மேல். ஊரடங்கின்போது தொடங்கிய வீட்டு விற்பனை பல இடங்களில் பின்னர் நின்றுபோனதற்கு இந்த வண்டிச் செலவு முக்கிய காரணம்.

எந்தப் பொருள் காத்திருக்கும்?

சந்தை மூடிவிட்டது என்று தெரிந்ததும் முதலில் செய்யவேண்டியது, உங்களிடம் உள்ள பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதே.

நெல், சிறுதானியம், பயறு, மிளகாய் வற்றல், தேங்காய், மஞ்சள் ஆகியவை நன்கு காய்ந்திருந்தால் மாதக் கணக்கில் காத்திருக்கும். இவற்றைப் பதற்றத்தில் அடிமாட்டு விலைக்கு விற்கத் தேவையில்லை. தேங்காயைக் கொப்பரையாக்கினால் மேலும் சில காலம் வைத்திருக்கலாம். கொப்பரையின் ஈரம் 6 சதத்திற்குக் குறைந்தால் பூசணம் பிடிக்காது.

சேனை, கருணை, பூசணி, சின்ன வெங்காயம் ஆகியவை காற்றோட்டமான நிழலில் வாரக் கணக்கில் தாங்கும்.

தக்காளி, வெண்டை, கத்தரி, வாழைப்பழம், மாம்பழம் ஆகியவை சில நாட்களே தாங்கும். இவற்றிற்கு உடனே வழி தேடவேண்டும்.

கீரை, பூ, பால் ஆகியவை ஒரு நாளுக்குமேல் தாங்கா. இவற்றை விளைவிப்பவர்கள் சந்தை மூடும் முன்னரே மாற்று வழியை ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும்.

தர்ப்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். இதை உலர்த்தவோ, வீட்டளவில் வேறு பொருளாக்கவோ இயலாது. பழமாகவே விற்கவேண்டும். எனவே தர்ப்பூசணி பயிரிடுவோர் முழு நிலத்திலும் ஒரே நாளில் விதைக்காமல், பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைப்பது பாதுகாப்பானது.

உலர்த்தி வைக்கும் முறைகள்

வாழைப்பழம்: நன்கு பழுத்த, ஆனால் குழையாத பழங்களைத் தோலுரித்து, முழுதாகவோ நீளவாக்கில் இரண்டாக வெட்டியோ தட்டுகளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கவும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியையே பயன்படுத்தவும். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் நனைத்து எடுத்தால் கருப்பது குறையும். ஈ, தூசி படாமல் மெல்லிய வலையால் மூடி வெயிலில் உலர்த்தவும். சூரிய உலர்த்தி இருந்தால் நிறமும் சுத்தமும் நன்றாக அமையும். கையில் ஒட்டாமல், வளைத்தால் உடையாமல் இருப்பதே பதம். பின்பு மூடிய பாத்திரத்தில் சில நாள் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்கிவிடவும். பாத்திரத்தின் உட்புறம் ஈரம் வியர்த்தால் மீண்டும் உலர்த்தவேண்டும். திருச்சி மாவட்டம் தொட்டியம் பகுதியில் இத்தகைய உலர் வாழைப்பழம் செய்து விற்கிறார்கள்.

தோலோடு 100 கிலோ பழம் எடுத்தால் ஏறத்தாழ 65 கிலோ சதை கிடைக்கும். உலர்ந்தபின் அது ஏறத்தாழ 20 கிலோ ஆகும். எனவே ஒரு கிலோ உலர் பழத்திற்கு 5 கிலோ பழம் செல்கிறது. பழம் கிலோ 8 ரூபாய் என்றால் 100 கிலோவுக்கு 800, மூன்று ஆள் கூலி 1,200, உறைகளுக்கு 300 ஆக 2,300 ரூபாய். ஒரு கிலோவின் அடக்க விலை 115 ரூபாய். இதில் உலர்த்தியின் தேய்மானமும் கொண்டுசெல்லும் செலவும் சேரவில்லை. பழத்தின் விலை கிலோ 25 ரூபாயாக இருந்தால் பழத்திற்கே 2,500 ரூபாய் ஆகி, அடக்க விலை கிலோவுக்கு 200 ரூபாயாக உயரும். விலை நன்றாக உள்ளபோது பழமாக விற்று, விழுந்தபோது மட்டும் உலர்த்துவதே பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

தக்காளி: இதில் திடப்பொருள் மிகக் குறைவு. ஒரு கிலோ தக்காளியை உலர்த்தினால் ஏறத்தாழ 60 கிராம்தான் கிடைக்கும். கெட்டியான சதையுள்ள பழங்களை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒடியும் பதம் வரை உலர்த்தி, பொடித்து, காற்றுப் புகாத புட்டியில் அடைக்கவும். கோடையில் மட்டுமே இது வெயிலில் இயலும். மேகமூட்டமான நாளில் பூசணம் பிடித்துவிடும். ஊறுகாயாகவும் தொக்காகவும் செய்வது வீட்டளவில் இதைவிட எளிது. நீர் நன்றாகச் சுண்டும்வரை கிளறி, உப்பும் எண்ணெயும் குறைக்காமல் சேர்த்தால்தான் கெடாமல் இருக்கும்.

மாங்காய்: ஊரடங்கு வந்தது மாங்காய்க் காலத்தில். காற்றில் உதிர்ந்த காய்களைக்கூட நறுக்கி, உப்பிட்டு, உலர்த்தி வற்றலாக்கலாம். இது நம் வீடுகளில் எப்போதும் உள்ள முறைதான்.

முருங்கைக்கீரை: இலைகளைச் சுத்தமான நீரில் அலசி, நீர் வடித்து, நிழலில் உலர்த்தவும். வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் மங்கும். கையால் நொறுக்கினால் பொடியும் பதத்தில் அரைத்துச் சலிக்கவும். பச்சை இலையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு பொடி கிடைக்கும். காய் விற்காத நாட்களில் முருங்கைத் தோட்டத்திற்கு இது ஓர் ஆதரவு.

பால்: கொள்முதல் குறைந்த நாட்களில் பாலைத் தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுத்து நெய்யாக்கலாம். நெய் மாதக் கணக்கில் கெடாது. 4 சதம் கொழுப்புள்ள பசும்பால் 100 லிட்டரில் நெய் 4 கிலோவை எட்டுவது அரிது. வீட்டு முறையில் அதனினும் குறையும். மோரை வீணாக்காமல் அன்றே விற்கவேண்டும். பால்கோவா செய்தால் 5 லிட்டர் பசும்பாலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கோவா கிடைக்கும். சர்க்கரை சேர்த்தால் எடை கூடும். ஆனால் கோவா சில நாட்களே தாங்கும் என்பதால், வாங்குபவர் தெரிந்திருந்தால் மட்டும் செய்யவும்.

பலன் தராத முயற்சிகள்

ஊரடங்கின்போது செய்த எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. அவற்றையும் தெரிந்துகொள்வது அவசியம்.

பூ விவசாயிகளுக்கு எளிய மாற்று வழி அமையவில்லை. மல்லிகையிலிருந்து வாசனைப் பொருள் எடுக்கும் ஆலை அருகில் இருந்தவர்கள் ஓரளவு விற்றனர். மற்றவர்கள் செடியைக் காப்பாற்றுவதற்காகப் பூவைப் பறித்துக் கொட்டவேண்டியிருந்தது. பறிக்காமல் விடவும் முடியாது, பறித்தால் கூலிக்கும் கட்டாது என்பதே அவர்களின் நிலை. ஆகவே இருக்கும் நிலம் முழுவதிலும் பூ மட்டும் பயிரிடுவது சிறு விவசாயிக்கு ஆபத்தானது. ஒரு பகுதியிலாவது காய்கறியோ தீவனப் பயிரோ இருக்கவேண்டும். சந்தை நின்ற நாட்களில் வீட்டுக்கு உணவும், மாட்டுக்குத் தீனியும் தந்தது அந்தப் பகுதிதான்.

துணி முகக்கவசம் தைத்தவர்களில் முதலில் தொடங்கியவர்களுக்கு நல்ல வருவாய் கிடைத்தது. எல்லோரும் தைக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. தம்மிடமிருந்த தையல் இயந்திரத்தில் தைத்தவர்களுக்கு இதனால் பாதகமில்லை. கடன் வாங்கிப் புதிய இயந்திரம் வாங்கியவர்களுக்கே சிரமம். நெருக்கடிக்காலத் தேவையை நம்பி நெடுநாள் கடன் வாங்கக்கூடாது என்பது இதில் அறியவேண்டிய பாடம்.

கடன் விற்பனையும் பலரைக் கவிழ்த்தது. வருவாய் இழந்த அயலாருக்குக் கடன் கொடுக்க மறுப்பது எளிதன்று. எனினும் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து, நோட்டில் எழுதிக் கொடுத்தவர்கள் தொழிலையும் உறவையும் காப்பாற்றிக்கொண்டனர்.

சுத்தமே நல்ல விளம்பரம்

கொள்ளைநோய்க் காலத்தில் வாங்குபவர் முதலில் பார்த்தது சுத்தத்தை. இடைவெளி விட்டு வட்டம் போட்ட கடை, முகக்கவசம் அணிந்து பொட்டலம் கொடுத்த கடைக்காரர், காசைக் கையால் வாங்காமல் அலைபேசியில் பணம் பெற்றவர் ஆகியோரிடம் மக்கள் நம்பி வாங்கினர். அந்த நோய் தணிந்தபின்னும் மக்களின் இந்த எதிர்பார்ப்பு மறையவில்லை.

உங்கள் நிலத்தில் விளைந்த காயை அப்படியே விற்கும்போது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு தேவைப்படுவதில்லை. ஆனால் ஊறுகாய், வற்றல், நெய், பொடி என்று பதப்படுத்தி விற்பதற்குப் பதிவு வேண்டும். ஊரடங்குக் காலத்தில், ஆண்டுக்கு 12 லட்ச ரூபாய்க்குட்பட்ட விற்பனையுள்ள சிறு தொழிலுக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். தற்போதைய வரம்பையும் கட்டணத்தையும் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டறியவும். உறையின்மேல் பொருளின் பெயர், எடை, செய்த தேதி, எத்தனை நாள் வரை பயன்படுத்தலாம், செய்தவர் முகவரி, பதிவு எண் ஆகியவற்றை அச்சிடவேண்டும்.

நோய் அறிகுறி உள்ளவர் எவராயினும் அறுவடை, பை கட்டுதல், சமைத்தல் ஆகிய வேலைகளில் ஈடுபடக்கூடாது. ஒரு நாள் கூலி நட்டம் பொறுக்கக்கூடியது. உங்கள் பொருளால் நோய் வந்தது என்ற பேச்சு ஊரில் எழுந்தால் மீளவே முடியாது.

இப்போதே செய்து வைக்கவேண்டியவை

நெருக்கடி வந்தபின் வழி தேடியவர்களைவிட, முன்பே சிறிய அளவிலாவது பழக்கம் இருந்தவர்களே விரைவில் தலைநிமிர்ந்தனர். ஆகவே சந்தை நன்றாக நடக்கும் காலத்திலேயே பின்வருவனவற்றைச் செய்து வைக்கவும்.

1. உங்கள் ஊரிலும் அருகிலுள்ள நகரத்திலும் நேரடியாக வாங்கக்கூடிய 20 வீடுகளின் பெயர், அலைபேசி எண் ஆகியவற்றை நோட்டில் எழுதி வைக்கவும். மாதம் ஒருமுறையாவது அவர்களுக்கு ஏதாவது கொடுத்து விற்றுப் பழகவும்.

2. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கையாவது வழக்கமான வியாபாரியைத் தவிர வேறு வழியில் விற்கவும். உழவர் சந்தை அடையாள அட்டை இல்லாதவர்கள் பெற்றுக்கொள்ளவும்.

3. சுமை ஆட்டோ வைத்திருப்பவர் ஒருவருடன் முன்கூட்டியே பேசி, ஒரு நடைக்கு என்ன வாடகை என்று நிர்ணயித்துக்கொள்ளவும்.

4. வீட்டில் ஒருவராவது ஒரு பொருளைப் பதப்படுத்தக் கற்றுக்கொள்ளவும். வேளாண்மை அறிவியல் நிலையங்களில் இதற்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. முதலில் 5 கிலோ அளவில் செய்து, மூன்று மாதம் வைத்திருந்து, கெடுகிறதா என்று பார்த்தபின் விற்கவும்.

5. உலர்த்தி வாங்க விரும்புவோர், மானியம் உள்ளதா என்று வேளாண்மைப் பொறியியல் துறையை விசாரிக்கவும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் சுமை குறையும்.

6. அலைபேசியில் பணம் பெறும் வசதியை வங்கியில் கேட்டு ஏற்படுத்திக்கொள்ளவும். இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லக்கூடாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை என்பதை நினைவில் வைக்கவும்.

7. கீரை வகைகளுக்கென ஓரிரண்டு சென்ட் நிலமாவது ஒதுக்கவும். அரைக்கீரை விதைத்த ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வரும். நெருக்கடியில் மிக விரைவாகக் காசு தருவது இதுவே.

8. அறுவடை செய்து விற்க முடியாமல் போனால் ஒரு மாதக் குடும்பச் செலவுக்கும் அடுத்த விதைப்புக்கும் வேண்டிய தொகையைத் தனியாகச் சேர்த்து வைக்க முயலவும். இத்தொகை கையில் இருந்தவர்கள்தான் வந்த விலைக்கு விற்காமல் பொறுத்திருந்தனர்.

சந்தை என்பது ஒரு கட்டடமும் தராசும் மட்டும் ஆகிவிடக்கூடாது. உண்பவருக்கும் விளைவிப்பவருக்கும் இடையே பழக்கமும் நம்பிக்கையும் இருந்தால், கட்டடம் மூடினாலும் விற்பனை நடக்கும். எனவே உழவர் பெருமக்கள் மேற்கூறிய முறைகளில் தங்களுக்கு ஏற்ற ஒன்றை இப்பருவத்திலேயே சிறிய அளவில் தொடங்கிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மேலும் விவரம் தேவைப்படுவோர் தங்கள் பகுதியிலுள்ள வேளாண்மை அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரையோ, மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன்பெறலாம்.